எட்டு ஃபுட் டிரக், ஒரு கிடங்கு, மூன்று கருத்து

கேள்வி: ஷிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில் நானும் என் மச்சானும் ஃபுட் டிரக் தொழில் செய்கிறோம். தோசை, கொத்து பரோட்டா, பிரியாணி. ஐந்து ஸ்டெப் வேன் (உள்ளே நின்று வேலை செய்யும் பெட்டி வண்டி), மூன்று டிரெய்லர். டிரெய்லர்களின் உட்புறம் பிளைவுட்டும் ஃபைபர் பலகையும். குளிர்காலத்தில் வெளியே நிறுத்தினால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கின்றன. அதனால் ஹீட்டர் உள்ள ஒரு கிடங்கை லீசுக்கு எடுக்கப் பார்க்கிறோம். 12,000 சதுர அடி, கூரை 20 அடி உயரம், 1980களில் கட்டியது, ஸ்பிரிங்க்ளர் ஏற்கெனவே இருக்கிறது. ஊரின் தீத் தடுப்பு அதிகாரியான ஃபயர் மார்ஷலின் அலுவலகத்தில் “ஹசார்ட் கிளாஸ் என்ன என்று எழுதிக் கொடுங்கள்” என்கிறார்கள். ஸ்பிரிங்க்ளர் காண்ட்ராக்டர், “பார்க்கிங்தானே, ஆர்டினரி குரூப் 1 போதும்” என்றார். நண்பர் ஒருவர், “உள்ளே அடுப்பு இருப்பதால் ரெஸ்டாரண்ட் கிச்சன் கணக்கு” என்கிறார். கட்டிட ஓனரின் இன்ஷூரன்ஸ்காரர் எக்ஸ்ட்ரா ஹசார்ட் குரூப் 2 என்று சொல்லி எங்கள் தூக்கத்தையே கெடுத்துவிட்டார். வண்டிக்குள் அடுப்புத் தீயை அணைக்கும் ஹூட் சிஸ்டம் இருக்கிறதே, அது போதாதா? யார் சொல்வது சரி?

பதில்: ஹசார்ட் கிளாஸ் என்பது ஓர் இடத்தில் தீ எவ்வளவு பெரிதாக எரியும் என்பதற்கான வகை. லைட், ஆர்டினரி, எக்ஸ்ட்ரா என்று ஏற ஏற, ஸ்பிரிங்க்ளர் அதிகத் தண்ணீர் கொட்ட வேண்டும். காண்ட்ராக்டர் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடலாம். அது பழைய கணக்கு. அமெரிக்கத் தேசியத் தீத் தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ ஸ்பிரிங்க்ளருக்கென்று வெளியிடும் என்.எஃப்.பி.ஏ 13 விதிநூலில் கார் நிறுத்தும் கட்டிடங்கள் வெகுகாலம் ஆர்டினரி ஹசார்ட் குரூப் 1-ல்தான் இருந்தன. 2022 பதிப்பில் அவற்றை குரூப் 2-க்கு ஏற்றிவிட்டார்கள். கார்களில் பிளாஸ்டிக் கூடிவிட்டது, கார்களும் பெருத்துவிட்டன, இரண்டு கார்களுக்கு நடுவே இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. 2017 டிசம்பர் 31 அன்று லிவர்பூலிலும், 2023 அக்டோபரில் லூட்டன் விமான நிலையத்திலும் ஒரே ஒரு காரில் பிடித்த தீ பல மாடி பார்க்கிங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் தின்றது. இரண்டு இடத்திலும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. சாதாரண காருக்கே இந்த நிலை என்றால், உள்ளே ஃபிரையரும் ஃபிரிட்ஜும் கேஸ் லைனும் வைத்த வண்டியை குரூப் 1-ல் வைக்க எனக்குக் கை வராது.

உங்கள் ஊர் எந்தப் பதிப்பை ஏற்றிருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2021 சர்வதேச கட்டிட விதியில் இருக்கும் ஊரென்றால், அது 2019 பதிப்பைக் கைகாட்டும். 2024-க்கு மாறிய ஊரென்றால் 2022 பதிப்பு. பழைய பதிப்பில் இருக்கும் ஊரில் காண்ட்ராக்டர் எழுத்துப்படி வாதாடலாம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ளது ஆட்டோமொபைல் பார்க்கிங். அது நூலின் பின்னிணைப்பில் உதாரணமாகத் தரப்பட்ட பட்டியல் மட்டுமே. அதில் பெயர் இருக்கிறதா இல்லையா என்று தேடுவதோடு வேலை முடிந்துவிடாது. உங்கள் கட்டிடத்தில் என்ன எரியும், எவ்வளவு எரியும் என்று பார்த்துத்தான் வகை சொல்ல வேண்டும்.

நண்பர் சொன்னதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிச்சன் என்றதும் பெரிய ஆபத்து என்று நினைத்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் அதே விதிநூலில் ரெஸ்டாரண்டில் சாப்பிடும் இடம் லைட் ஹசார்ட், சமைத்துப் பரிமாறும் பகுதி ஆர்டினரி குரூப் 1. அவர் பேச்சைக் கேட்டால் நீங்கள் மேலே போகவில்லை, கீழேதான் வருகிறீர்கள். காரணம் எளிது. கட்டிடத்துக் கிச்சனில் அடுப்புக்கு மேலே ஹூடும் அதற்கென்று தனி அணைப்பானும் இருக்கும். மற்ற இடங்களில் எது எரிந்தாலும் கூரையிலிருந்து விழும் தண்ணீர் நேராக அதன்மேல் விழும். உங்கள் வண்டியில் அது நடக்காது.

இன்ஷூரன்ஸ்காரர் பிடித்த இடம் அதுதான். எக்ஸ்ட்ரா ஹசார்ட் குரூப் 2 என்றாலே பெயிண்ட் தெளிக்கும் கூடம், எரியும் திரவத் தொட்டி என்றுதான் பலரும் நினைப்பார்கள். அந்த வகைக்கு இன்னொரு வாசலும் உண்டு: எரியும் பொருள்கள் தண்ணீர் படாதபடி பெரிய அளவில் மறைந்திருக்கும் இடம். உள் அலங்காரம் முடிந்த மாடுலர் வீடுகளை (தொழிற்சாலையிலேயே பெட்டி பெட்டியாகச் செய்யும் வீடுகள்) கோக்கும் கூடத்தை அந்த நூல் இதே வகையில் உதாரணமாகக் காட்டுகிறது. அங்கே பெட்ரோலும் இல்லை, தின்னரும் இல்லை. கூரை போட்ட பெட்டிக்குள் மரமும் நுரையும் இருக்கின்றன, அவ்வளவுதான். பிளைவுட் அடித்த உங்கள் டிரெய்லர் அதிலிருந்து எவ்வளவு தூரம்?

ஒரு வண்டிக்குள் இரவு இரண்டு மணிக்குத் தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். முதல் சில நிமிடங்கள் சூடும் புகையும் வண்டிக்குள்ளேயே அடைந்து கிடக்கும். 20 அடி உயரத்தில் இருக்கும் ஸ்பிரிங்க்ளருக்கு எதுவும் தெரியாது. பிறகு பரிமாறும் ஜன்னலோ கூரையிலுள்ள எக்ஸாஸ்ட் ஃபேனோ விட்டுக்கொடுக்கும். தீ ஒரேயடியாக வெளியே நாக்கை நீட்டும்போதுதான் மேலே ஸ்பிரிங்க்ளர் தலைகள் (தண்ணீர் தெளிக்கும் வாய்கள்) திறக்கும். அப்போது கொட்டும் தண்ணீருக்கு வண்டியின் கூரை குடை பிடிக்கும். உள்ளே எரிவது எரிந்துகொண்டே இருக்கும். அந்த ஸ்பிரிங்க்ளர் உங்கள் வண்டியைக் காப்பாற்றாது என்பதை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கூரை இரும்பைச் சூடேறவிடாமல், பக்கத்து வண்டிகளை நனைத்து, தீயை ஒரு வண்டியோடு நிறுத்திவைத்து, ஃபயர் சர்வீஸ் வரும்வரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் அதன் வேலை. அந்த வேலைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதுதான் ஹசார்ட் கிளாஸ் என்ற கேள்வியின் உள்ளடக்கம்.

இப்போது கணக்கு. ஆர்டினரி குரூப் 1 என்றால் சதுர அடிக்கு நிமிடத்துக்கு 0.15 கேலன், குரூப் 2 என்றால் 0.20. இரண்டுக்கும் 1,500 சதுர அடிப் பரப்பில் தலைகள் எல்லாம் திறந்ததாக வைத்துக் கணக்கிடுவோம். எக்ஸ்ட்ரா குரூப் 2-க்கு 0.40 கேலன், பரப்பு 2,500 சதுர அடி. இதற்கு மேல் தீயணைப்புக் குழாய்க்கென்று ஆர்டினரியில் 250 கேலனும் எக்ஸ்ட்ராவில் 500 கேலனும் சேர்க்க வேண்டும். ஆக, ஆர்டினரி குரூப் 2-க்கு நிமிடத்துக்குக் குறைந்தது 550 கேலன். எக்ஸ்ட்ரா குரூப் 2-க்கு 1,500. ஏறக்குறைய மூன்று மடங்கு. அதுவும் முன்னது ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம், பின்னது ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வர வேண்டும்.

உங்கள் வண்டிகளை இதில் பொருத்திப் பாருங்கள். 26 அடி நீளம், எட்டரை அடி அகலம், நடுவே 3 அடி சந்து என்று வரிசையாக நிறுத்தினால் ஒரு வண்டிக்கு ஏறத்தாழ 300 சதுர அடி. எட்டு வண்டிக்கு 2,400. அதாவது 1,500 சதுர அடி என்ற ஆர்டினரி கணக்கு ஐந்து வண்டி நிற்கும் இடத்துக்குச் சமம், எக்ஸ்ட்ரா கணக்கோ உங்கள் மொத்த வரிசைக்கும் சமம். தீ ஒரு வண்டியில் நின்றால் ஆர்டினரி தாங்கும். இரண்டு பக்கத்து வண்டிகளுக்கும் தொற்றிவிட்டால், சூடு கூரையில் பரவி அந்த 1,500-ஐத் தாண்டித் தலைகள் திறக்கும். தாண்டினால் ஒவ்வொரு தலைக்கும் கிடைக்கும் தண்ணீர் குறையும். பிறகு எல்லாத் தலைகளும் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும், எதுவும் அடங்காது.

பழைய குழாய் இதைத் தாங்குமா? 1980களின் கிடங்கு என்பதால், அரை அங்குல வாய் கொண்ட பழைய தலைகள், ஒன்றுக்கு 130 சதுர அடி என்ற கணக்கில் இருக்க வாய்ப்பு அதிகம். குரூப் 2-க்கு ஒரு தலை நிமிடத்துக்கு 26 கேலன் விட வேண்டும். அதற்குத் தலையில் சுமார் 22 பி.எஸ்.ஐ அழுத்தம் போதும். பெரும்பாலான ஊர்க் குழாய்களில் இது கிடைக்கும். எக்ஸ்ட்ரா குரூப் 2 என்று வந்தால் அதே தலை 52 கேலன் விட வேண்டும், 86 பி.எஸ்.ஐ வேண்டும். அதற்கும் முன்னால், அந்த வகையில் ஒரு தலைக்கு 100 சதுர அடிக்கு மேல் கொடுக்கவே விதி விடாது. ஆக, தலைகளைப் பெரிய வாயுள்ளதாக மாற்றி, இடைவெளியைக் குறைத்து, கிளைக் குழாய்களைப் பெரிதாக்கி, அநேகமாக ஒரு ஃபயர் பம்பும் வைக்க வேண்டியிருக்கும். இன்ஷூரன்ஸ்காரரின் ஒற்றை வரி உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது நியாயம்தான்.

அப்படியானால் என் தீர்ப்பு என்ன? எட்டு வண்டிக்கும் ஒரே பதில் சொல்ல மாட்டேன். அலுமினிய உடம்பும் ஸ்டெயின்லெஸ் உட்புறமும் உள்ள ஐந்து ஸ்டெப் வேன்களை, கீழே சொல்லும் ஒழுங்கோடு நிறுத்தினால், ஆர்டினரி குரூப் 2 என்று என் பெயரில் எழுதிக் கொடுப்பேன். பிளைவுட்டும் ஃபைபரும் அடித்த மூன்று டிரெய்லர்கள் உள்ளே நிற்கும் என்றால் அந்தப் பகுதிக்கு எக்ஸ்ட்ரா குரூப் 2. நடுவே தடுப்புச் சுவர் இல்லையென்றால் அந்தப் பாதுகாப்பு டிரெய்லர் பகுதியைத் தாண்டி இன்னும் 15 அடி நீள வேண்டும். உங்கள் கூடத்தில் அது ஸ்டெப் வேன் வரிசையின் தலைமேலேயே வந்து நிற்கும்.

அதனால் நான் உங்களிடம் கேட்பது வேறு: டிரெய்லர் உள்ளே வந்தே ஆக வேண்டுமா? உறைவதுதான் பிரச்சினை என்றால், தண்ணீர்த் தொட்டியையும் பம்பையும் வடித்துவிட்டு, குழாயில் ஆர்.வி.களுக்கான ஆன்டிஃபிரீஸ் ஓட்டி வெளியே நிறுத்தலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை டிரெய்லர் வியாபாரம் எப்படியும் மந்தம்தான். மூன்று டிரெய்லரை வெளியே விட்டால் ஒரு ஃபயர் பம்பின் விலை மிச்சம். இதைவிட மலிவான தீயணைப்பு ஆலோசனை எனக்குத் தெரியாது.

ஸ்டெப் வேன்களுக்கு நான் சொன்ன ஒழுங்கில் முதலாவது கேஸ். ஹசார்ட் கிளாஸை எவ்வளவு உயர்த்தினாலும் கேஸ் கசிவுக்கு அது மருந்தாகாது. ஸ்பிரிங்க்ளர் சூட்டுக்குத் திறப்பது, கேஸ் வெடிப்பது ஒரு நொடியில். 2014 ஜூலையில் பிலடெல்ஃபியாவில் ஒரு ஃபுட் டிரக்கின் ப்ரொப்பேன் சிலிண்டர் கசிந்து பற்றியதில் ஒரு தாயும் மகளும் இறந்தார்கள், பலர் தீக்காயம் அடைந்தார்கள். அந்த வண்டி நின்றது திறந்த தெருவில். நான்கு சுவருக்குள் அந்தக் கேஸுக்குப் போக இடம் இருக்காது. ப்ரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு ஊர்ந்து வடிகால் குழிக்குள் இறங்கும். என்.எஃப்.பி.ஏ 58 விதிநூல் இப்படிப்பட்ட வண்டியைக் கட்டிடத்துக்குள் நிறுத்த ஒரேயடியாகத் தடை போடவில்லை. கசிவு இருக்கக் கூடாது, சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும், அளவுக்கு மேல் நிரப்பியிருக்கக் கூடாது, நெருப்புக்கோ சூட்டுக்கோ பக்கத்தில் நிற்கக் கூடாது என்கிறது. உங்கள் கிடங்கில் தொங்கும் ஹீட்டர் கேஸில் எரியும் வகைதானா என்று பாருங்கள். அப்படியென்றால் அதுவே ஒரு நெருப்பு.

விதி அனுமதித்தாலும் சிலிண்டர்களைக் கழற்றி வெளியே கம்பிக் கூண்டில் பூட்டி வைக்கத்தான் நான் சொல்வேன். பதினோரு மணிக்கு, பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து வருகிற பையன் எல்லா வால்வையும் நினைவாக மூடுவான் என்பதை நம்பி ஒரு டிசைன் செய்ய எனக்கு மனம் வராது. கூண்டில் சிலிண்டர் இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். ஜெனரேட்டருக்கான பெட்ரோல் கேன்களுக்கும் இதே விதி.

இரண்டாவது, ஹூட் சிஸ்டம் போதாதா என்ற உங்கள் கேள்வி. அது நல்ல சிஸ்டம்தான். சமையல் தீயணைப்பான்களுக்கான யூ.எல் 300 தரத்திலானது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் டேக் புதுப்பிக்கப்படுகிறது என்றால், ஃபிரையர் தீயை அது அமுக்கிவிடும். உருகும் இணைப்பு வகை என்றால் அதற்குக் கரண்டும் வேண்டாம். ஆனால் அது பார்ப்பது அடுப்பு, ஹூட், டக்ட் மூன்றையும் மட்டும். இரவில் உங்கள் அடுப்பு ஆறிக் கிடக்கிறது, எண்ணெய் ஆறிக் கிடக்கிறது. உயிரோடு இருப்பது ஃபிரிட்ஜ். ஒரு தடவை கவுண்டருக்குக் கீழே உள்ள கம்ப்ரஸர் அறையின் மூடியைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். வறுத்த எண்ணெயின் ஆவி அங்கே படிந்து, அதில் மாவுத் தூசி ஒட்டி, பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி வரும். அதை ஒட்டித்தான் ரிலேவும் ஒயர் இணைப்பும் இருக்கின்றன. அதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சுவரிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் கார்டு, அதில் ஒரு பவர் ஸ்ட்ரிப், அதில் இன்னொரு வண்டியின் கார்டு. ராத்திரி தீக்கு இதுதான் பிள்ளையார் சுழி. ஒவ்வொரு வண்டிக்கும் தனி பிரேக்கருடன் தனி பிளக் போடுங்கள், கம்ப்ரஸர் அறையை மாதாமாதம் துடையுங்கள். ஜெனரேட்டருக்குப் பதிலாக லித்தியம் பேட்டரிப் பெட்டி வைத்திருக்கும் வண்டி இருந்தால் அதை இரவில் உள்ளே சார்ஜில் போடாதீர்கள். அதை ஃபயர் மார்ஷலிடம் முன்கூட்டியே சொல்லியும் விடுங்கள்.

மூன்றாவது இடைவெளி. வண்டிக்கு வண்டி 3 அடி என்று மேலே எழுதியது உங்கள் இப்போதைய பழக்கமாக இருக்கும் என்ற ஊகத்தில்தான். மூன்று டிரெய்லர் வெளியே போனால் ஐந்து வண்டியைப் பத்தடி இடைவெளி விட்டு நிறுத்த 12,000 சதுர அடியில் தாராளமாக இடம் இருக்கிறது. சமைத்துக்கொண்டிருக்கும் வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே தீத் தடுப்பு விதிநூல் கேட்பதும் அந்தப் பத்தடிதான். நிறுத்தி வைக்கும்போது அதைச் சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். தரையில் மஞ்சள் பெயிண்டால் கட்டம் போடுங்கள். பரிமாறும் ஜன்னல்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும். ஜன்னலுக்கு ஜன்னல் நேர் எதிராக இருந்தால் ஒன்றிலிருந்து வரும் தீ மற்றதற்குள் நேராகப் போகும்.

கிடங்குக்குள் வண்டியின் அடுப்பைப் பற்றவைத்துச் சமைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் விடியற்காலை சாம்பார் வைக்கும் ஆசை வரும் என்று தெரியும். கூடாது. வண்டியின் எக்ஸாஸ்ட் கொழுப்பையும் கார்பன் மோனாக்ஸைடையும் கூடத்துக்குள்தான் தள்ளும். சமைக்க வேண்டுமென்றால் மூலையில் முறையான கமிஸரி கிச்சன் (ஃபுட் டிரக்குகளுக்கான முன்தயாரிப்புச் சமையலறை) கட்டுங்கள், அதற்குத் தனி ஹூட், தனி அனுமதி.

சரக்கு அடுக்குவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அட்டைப் பெட்டிகளை 12 அடி வரை அடுக்கினாலும் ஆர்டினரி கணக்குக்குள் சமாளிக்கலாம். பார்சல் டப்பா, பிளாஸ்டிக் கப், தெர்மோகோல் தட்டு எல்லாம் விதிநூலில் குரூப் ஏ பிளாஸ்டிக், அதாவது கடுஞ்சூட்டோடு எரியும் வகை. அவை 5 அடியைத் தாண்டினால் ஆர்டினரி குரூப் 2 போதாது. வண்டிகளைச் சரியாக வகைப்படுத்திவிட்டு, சுவரோரம் கூரை வரை அடுக்கிய டப்பாவால் எல்லாம் கெட்டுப்போவதை இந்தத் தொழிலில் அடிக்கடி பார்க்கிறோம்.

இனி காகித வேலை. புதிதாகவோ மாற்றியோ ஸ்பிரிங்க்ளர் போடும்போது, இந்த இடத்தில் என்ன வைக்கப் போகிறோம், எவ்வளவு உயரம் என்று ஓனர் ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது என்.எஃப்.பி.ஏ 13. காண்ட்ராக்டர் அதை நம்பித்தான் வரைகிறார். அதில் “வாகன நிறுத்தம்” என்று ஒரே சொல்லில் எழுதவிடாதீர்கள். “சமையல் வசதியுள்ள வாகனங்கள், ப்ரொப்பேன் வெளியே, உள்ளே சமையல் இல்லை, இத்தனை வண்டி, இவ்வளவு இடைவெளி” என்று விரித்து எழுதுங்கள். இருக்கும் ஸ்பிரிங்க்ளரைத் தொடாமல் அப்படியே பயன்படுத்துவதாக இருந்தாலும், கட்டிடத்தின் பயன்பாடு மாறும்போது அது போதுமா என்று சரிபார்க்கும் கடமையைப் பராமரிப்பு விதிநூலான என்.எஃப்.பி.ஏ 25 ஓனர் தலையில்தான் வைக்கிறது. லீசில் அந்தக் கடமை உங்கள் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா என்று வக்கீலை வைத்துப் படியுங்கள். கட்டிட விதியின் எஸ்-2 போன்ற வகைகளை யாராவது இதோடு குழப்பினால் குழம்ப வேண்டாம். அது கட்டிடத்தின் பயன்பாட்டு வகை, இது தண்ணீரின் அளவு. இரண்டும் தனித்தனிக் கேள்விகள்.

இன்ஷூரன்ஸ்காரரோடு சண்டை வேண்டாம். விதிநூல் கேட்பதைவிட அதிகம் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது, அவர் பணம். டிரெய்லர் வெளியே, சிலிண்டர் கூண்டில், பத்தடி இடைவெளி என்ற திட்டத்தை ஒரு வரைபடத்தோடு காட்டுங்கள். அவர் எக்ஸ்ட்ரா குரூப் 2 என்றது எட்டு வண்டியும் நெருக்கமாக, கேஸோடு நிற்கும் என்ற படத்தை மனதில் வைத்துத்தான்.

முதலில் உங்கள் ஊர்த் தண்ணீர்த் துறையிடம் அந்தத் தெரு ஹைட்ரன்டின் சமீபத்திய ஃப்ளோ டெஸ்ட் (எவ்வளவு தண்ணீர், என்ன அழுத்தத்தில் வருகிறது என்ற சோதனை) முடிவை வாங்குங்கள். அதையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு, லைசென்ஸ் உள்ள ஒரு ஃபயர் புரொடெக்ஷன் இன்ஜினியருடன் கிடங்கை நேரில் பாருங்கள். பழைய குழாயின் உட்புறம் எப்படி இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும், இங்கிருந்து எனக்குத் தெரியாது. பிறகு ஃபயர் மார்ஷலைச் சந்தித்து, அவர் ஏற்கும் வகை என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடைசி வார்த்தை அவருடையது. அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு லீசில் கையெழுத்துப் போடலாம். அதற்கு முன் ஓனர் அவசரப்படுத்தினால், ஸ்பிரிங்க்ளரை மேம்படுத்த வேண்டிவந்தால் செலவு யாருடையது என்ற ஒரு வரியை லீசில் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். அவர் அவசரம் தானாகக் குறையும்.